ஓசித் திருவிழாவும் இருபது ரூபாய் வரியும்

மதுரையிலிருந்து டவுன் பஸ் வந்துபோகிற ஒரு கிராமம். அதன் காலனியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மாலை வகுப்பு நடத்துகிறோம். இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். கோடை விடுமுறை வந்துவிட்டால் வகுப்பு நடத்துவது கஷ்டம். பரீட்சை முடிந்த குழந்தைகளுக்குப் புத்தகத்தைக் கண்டாலே கசக்கும். போன கோடையில் ஒரு நாள் பேச்சை மாற்றுவதற்காக, "லீவுக்கு யார் யார் எங்கே போறீங்க?" என்று கேட்டுவைத்தோம். கேட்டிருக்கக் கூடாது. 22 பேரில் மூன்று பேர் போகிறார்கள், அம்மா அப்பாவோடு செங்கல் சூளைக்கு. மற்ற 19 பேரும் எங்கேயும் போகவில்லை.

மே மாதம் பிறந்தால் பத்திரிகைகளில் ஊட்டி மலர்க் கண்காட்சியும் ஏற்காடு கோடை விழாவும் வண்ணப் படங்களாக வரும். அந்தப் படங்களுக்குப் பின்னால் பஸ் கட்டணம், நுழைவுச்சீட்டு, ஓட்டல் சாப்பாடு எல்லாம் இருக்கின்றன. கூலி வேலைக்குப் போகிற வீட்டில் நான்கு பேர் ஒரு நாள் போய்வந்தால் ஒரு வாரக் கூலி போய்விடும்.

"மதுரை சித்திரைத் திருவிழாவுக்குப் போவோம்ணே. அது ஓசிதானே" என்றாள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த 'ஓசி' என்ற சொல் எங்கள் தெருவில் சாதாரணச் சொல் கிடையாது.

ஊரில் பங்குனியில் அம்மனுக்குச் சாமி கும்பிடு நடக்கும். ஒரு மாதம் முன்னாலேயே விழாக் கமிட்டி நோட்டும் பேனாவுமாக வீடு வீடாகப் போய்த் தலைக்கட்டு வரி வசூல் செய்யும். வரி கொடுத்த வீட்டுக்கு முளைப்பாரி எடுக்கும் உரிமை உண்டு. சாமி அந்த வீட்டு வாசலில் நிற்கும். விழா முடிந்து ஊர்க்கூட்டம் போட்டால் உட்கார்ந்து வரவு செலவு கேட்கலாம். கமிட்டி மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் வரும். அங்கே நோட்டை மூடிவிடும். தொட்டிக்கு இந்தப் பக்கம் எங்கள் 46 வீடுகள் இருக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன்னால் எங்கள் தெருப் பெரியவர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு அவர்களிடமே போனார்கள். "எங்க வரியையும் வாங்கிக்கங்க" என்றார்கள். கிடைத்த பதில்: "உங்களுக்கு எதுக்குப்பா வரி? நீங்க பாட்டுக்கு வந்து ஓசியில பாத்துட்டுப் போங்க."

வெளியாட்கள் கேட்டால் பெருந்தன்மை மாதிரித்தான் தெரியும். வரி வாங்கினால் பங்கு கொடுக்க வேண்டும். பங்கு கொடுக்க மனமில்லாததால் வரி வேண்டாம் என்கிறார்கள். வேலை மட்டும் வேண்டும். பந்தலுக்குக் குழி தோண்ட, எச்சில் இலை எடுக்க ஆள் வந்து கூப்பிடும். பறையடிக்கவும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதை எங்கள் தெரு நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன.

இது எங்கள் ஊரோடு முடிகிற விஷயம் என்றால் எழுதியிருக்கவே மாட்டோம். சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தேர்வடம் தொடுகிற உரிமைக்காக நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. தேர் ஆண்டுக்கணக்கில் ஓடாமலே நின்றது. 2024 ஜூனில் போலீஸ் பாதுகாப்போடுதான் மறுபடியும் ஓடியது. விழுப்புரம் மாவட்டத்தில் அப்போது இருந்த சேஷசமுத்திரத்தில் தலித் மக்கள் தங்கள் கோயிலுக்குத் தாங்களே ஒரு தேர் செய்தார்கள். அது பொதுச்சாலையில் வரக்கூடாது என்று தகராறு. 2015 ஆகஸ்ட் 15 இரவில் அந்தத் தேரை எரித்தார்கள். வீடுகளும் எரிந்தன. சுதந்திர தினத்தில் நடந்தது அது.

ஆகவே ஓசியில் இரண்டு வகை இருக்கிறது. உனக்குப் பங்கில்லை என்று சொல்வதற்காகத் தருகிற ஓசி ஒன்று. எல்லாருக்கும் பொது என்பதால் யாரும் காசு கேட்காத இலவசம் இன்னொன்று. குழந்தைகளுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்துவிடக் கூடாது என்று நினைத்தோம். செலவைக் கையிலிருந்து நாங்களே போட்டுவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு இருந்தது. ஆளுக்கு முந்நூறு ரூபாய் போட்டால் போதும். ஆனால் அதுவும் ஒரு ஓசியாகிவிடும். அதனால் வரி வசூலிப்பது என்று முடிவு செய்தோம்.

வீட்டுக்கு இருபது ரூபாய். வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பாத வீடுகளிலும் கேட்டோம். கமிட்டிக்காரர்களைப் போலவே நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போனோம். ஒன்று கூடுதலாகச் செய்தோம். பெரிய பிள்ளைகள் வெள்ளைத்தாளைக் கிழித்து ரசீது எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கிண்டல் செய்தார்கள், ஒரு வீட்டில் நாளைக்கு வா என்றார்கள். கடைசியில் 46 வீடும் கொடுத்துவிட்டது.

தெருக்கோடியில் தனியாக இருக்கிற அப்பத்தா, முதியோர் பென்ஷனில் காலம் தள்ளுகிறவர். அவரிடம் கேட்க எங்களுக்குத் தயக்கம். தாண்டிப் போனோம். கூப்பிட்டு நிறுத்தினார். சுருக்குப் பையிலிருந்து இரண்டு பத்து ரூபாய் நோட்டை எடுத்துக் கொடுத்தார். ரசீதை வாங்கி மடித்து அதே பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "வரின்னு சொல்லி எங்கையில காசு வாங்குன மொத சாமி கும்பிடு இதுதாய்யா."

எங்களில் யாருக்கும் பதில் சொல்ல வரவில்லை.

*

இனி கணக்கு. இதைப் படிக்கிற தம்பி, தங்கைகளில் பலர் இப்படி ஒரு பயணம் ஏற்பாடு செய்ய நினைப்பீர்கள். அதனால் விவரமாகவே எழுதுகிறோம்.

வரவு: 46 வீட்டு வரி 920 ரூபாய். நாங்கள் நால்வரும் ஆளுக்கு நூறு போட்டது 400. மொத்தம் 1,320.

போனவர்கள் 25 பேர். பிள்ளைகள் 19, நாங்கள் நால்வர், கூட வந்த அம்மாக்கள் இருவர். இதில் பெண்கள் 15 பேர். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மீதிப் பத்துப் பேருக்கு மட்டும் டிக்கெட் எடுத்தோம். பையன்களிடம் இருந்த பள்ளி பஸ் பாஸ் விடுமுறையில் செல்லாது. போக வரப் பேருந்துச் செலவு 340 ரூபாய்.

சாப்பாடு புளிச்சோறும் அவித்த முட்டையும். அரிசி ரேஷன் அரிசி. புளி, எண்ணெய், கடலை, முட்டைக்கு 450 ரூபாய் ஆனது. சமையல் அந்த இரண்டு அம்மாக்கள் பொறுப்பு. தண்ணீரை வீட்டிலிருந்தே பாட்டிலில் பிடித்துப் போனோம். வெயிலில் மயக்கம் வந்தால் கொடுக்க உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், பஞ்சு, பிளாஸ்திரி 60. கட்டணக் கழிப்பறைக்கு 50. கழிப்பறைக் காசைப் பலர் கணக்கில் வைக்க மறந்துவிடுவார்கள். பெண்பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருந்து சமாளிப்பார்கள். அதை நடக்கவிடாதீர்கள்.

மிச்சம் 380 ரூபாய். பிள்ளைக்கு இருபது ரூபாய் வீதம் கையில் கொடுத்தோம். என்ன வாங்குவது என்று யாரும் சொல்லக் கூடாது, திரும்பக் கணக்கும் கேட்கக் கூடாது என்பது விதி. திருவிழாவில் சும்மா வேடிக்கை பார்த்தபடி நடப்பதும், சட்டைப்பையில் இருபது ரூபாயோடு நடப்பதும் வேறு வேறு நடை. அதை நேரில் பார்த்தோம்.

மொத்தச் செலவு 1,280. கையிருப்பு 40.

எந்த நாளில் போவது என்பதும் முக்கியம். பிள்ளைகளுக்கு அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஆசை. நாங்கள் மறுத்துவிட்டோம். 2022இல் அந்த அதிகாலை நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். 19 பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் போக எங்களுக்குத் துணிச்சல் இல்லை. கொடியேற்றத்துக்கும் மீனாட்சி பட்டாபிஷேகத்துக்கும் இடைப்பட்ட நாட்களில் மாலையில் மாசி வீதிகளில் வாகனப் புறப்பாடு நடக்கும். கூட்டம் இருக்கும், மூச்சு முட்டாது. அப்படி ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தோம். ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் எங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு வைத்தோம். நான்கைந்து பேருக்கு ஒரு பெரியவர் என்று பிரித்துக்கொண்டோம்.

*

போவதற்கு முன்னால் ஒரு சண்டையும் நடந்தது. இயக்கத் தோழர் ஒருவர் கேள்விப்பட்டுக் கோபமாகப் பேசினார். "ஏப்ரல் 14க்கு மாலை போட்டுட்டு அதே மாசத்துல பிள்ளைங்கள சாமி ஊர்வலத்துக்குக் கூட்டிட்டுப் போறீங்க. அம்பேத்கர் எதை விட்டு வெளியேறச் சொன்னாரு?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. நாங்கள் நால்வரும் சாமி கும்பிடுகிறவர்கள் இல்லை. 1930இல் நாசிக் காலாராம் கோயில் போராட்டத்தில், ராமநவமித் தேரை இரு தரப்பும் சேர்ந்து இழுப்பது என்று ஒப்புக்கொண்ட பிறகும் நம்மவர்கள் மேல் கல் விழுந்ததை நாங்களும் படித்திருக்கிறோம். 1956இல் நாக்பூரில் அவர் எடுத்த முடிவுக்கு அந்தக் கல்லடிகளும் காரணம் என்பதை நாங்கள் மறக்கவில்லை.

ஆனால் அதற்கும் முன்னால் 1927 மார்ச் 20 இருக்கிறது. மகாட் நகரத்துச் சவுதார் குளம். அந்தக் குளம் எல்லாருக்கும் பொது என்று நகராட்சி முன்பே தீர்மானம் போட்டிருந்தது. தாளில் திறந்திருந்த குளம், தரையில் மூடியே கிடந்தது. அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அந்தத் தண்ணீரில் தனிச் சுவை எதுவும் இல்லை என்று அவருக்குத் தெரியும். மற்றவர்களைப் போல நாமும் மனிதர்கள் என்று நிறுவுவதற்கான நடை அது.

மாசி வீதி பொதுச்சாலை. வைகை பொது ஆறு. அரசியல் சட்டத்தின் 15(2)ஆம் கூறு கடை, உணவகம், பொதுக் கேளிக்கை இடம், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று வரிசையாகப் பெயர் சொல்லி, சாதியின் பேரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்த திருத்தத்தைப் படித்துப் பாருங்கள். பொது இடத்தில் புத்தாடை உடுத்துவதைத் தடுப்பதும், பண்பாட்டு ஊர்வலத்தில் கலந்துகொள்வதைத் தடுப்பதும், பொதுப் பயன்பாட்டுக்கான பாத்திரத்தைத் தொடவிடாமல் தடுப்பதும் குற்றம் என்று எழுதியிருக்கிறது. புத்தாடைக்குக்கூடச் சட்டத்தில் ஒரு வரி தேவைப்பட்டிருக்கிறது என்றால், திருவிழாவுக்குப் போவது நமக்குச் சின்ன விஷயமா?

கும்பிடுவதா வேண்டாமா என்பதைப் பிள்ளைகள் வளர்ந்து தாங்களே முடிவு செய்யட்டும். போகலாமா கூடாதா என்பதை வேறு யாரும் முடிவு செய்யக் கூடாது. தோழரிடம் இதைத்தான் சொன்னோம். அவர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. முட்டைச் செலவுக்கு நூறு ரூபாய் நீட்டினார். அதை அவர் தெருவின் அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டோம்.

*

பஸ் ஏறியதும் நடத்துநர், "ஓசி டிக்கெட்டு மொத்தமா கிளம்பிருச்சு" என்றார். எங்களுக்கு முன்னால் எட்டாம் வகுப்புப் பெண் முந்திக்கொண்டாள். "எங்க டிக்கெட்டுக்குக் கவர்மெண்ட் காசு கட்டுதுண்ணே. எண்ணி எழுதிக்கங்க." அவர் சிரித்துவிட்டார். எண்ணித்தான் கொடுத்தார்.

மதியம் வெயிலுக்கு ஒதுங்கக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனோம். 2023இல் திறந்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே குளிர்ச்சி, குடிதண்ணீர், சுத்தமான கழிப்பறை. சிறுவர் பகுதியில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படம் பார்த்தார்கள். கோடையில் மதுரைக்கு யார் வந்தாலும் பகல் பொழுதுக்கு இதைவிட நல்ல இலவசம் இல்லை. புறப்படும் முன் விடுமுறை நாளா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மணிக்கு மேல் கோரிப்பாளையம் வந்து, ஆற்றோரம் ஒரு மர நிழலில் புளிச்சோறு சாப்பிட்டோம். பிறகு ஏ.வி. பாலத்தில் நடந்து சிம்மக்கல் வழியாக வடக்கு மாசி வீதிக்குப் போனோம்.

"இது சித்திரைத் திருவிழாதானே, அப்புறம் ஏன் மாசி வீதி?" என்று ஒருவன் கேட்டான். முன்னால் தேரோட்டம் மாசியில் நடந்தது, திருமலை நாயக்கர் காலத்தில் சித்திரைக்கு மாறியது, வீதியின் பெயர் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது என்று சொன்னோம். கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகள் ஒன்றை ஒன்று சூழ்ந்து விரிவதைத் தாளில் வரைந்து காட்டினோம். "நாம எந்த வீதி?" என்றான். தாளுக்கு வெளியே விரலை வைத்துக் காட்டவேண்டியிருந்தது. 1939 ஜூலை 8 வரை நம்மவர்கள் இந்தக் கோயிலுக்குள் போக முடியாது. அன்றைக்கு வைத்தியநாத ஐயர் கூட்டிக்கொண்டு போனவர்களில் பின்னாளில் அமைச்சரான கக்கனும் ஒருவர் என்று சொன்னோம். கக்கன் நம் பக்கத்து ஊர்க்காரர் மாதிரிதான் என்றதும் அவனுக்குக் கொஞ்சம் சமாதானம். அவர் மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டியில் பிறந்தவர்.

சாமி வேடம் போட்ட குட்டிப் பிள்ளைகள், கோலாட்டம், யானை, ஒட்டகம், பீப்பீ விற்கிறவர், பஞ்சுமிட்டாய். எங்கள் பிள்ளைகள் இருபது ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கடையிலும் விலை கேட்டார்கள். வாங்கியதைவிட விலை கேட்டதுதான் அதிகம். கடைக்காரர்கள் பதில் சொன்னார்கள். அதுவே அவர்களுக்குப் பெரிய விளையாட்டு.

ஒரு திருப்பத்தில் நீர்மோர்ப் பந்தல் இருந்தது. பானகமும் கொடுத்தார்கள். பிள்ளைகள் ஓடினார்கள். குடித்துவிட்டுத் திரும்பியபோது எண்ணினோம். பதினெட்டு. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனைக் காணோம். தேடினால் அவன் பந்தலுக்குப் பக்கத்திலேயே நிற்கிறான். வரிசையில் இல்லை. வரிசைக்குப் பக்கவாட்டில், இரண்டடி தள்ளி.

"ஏன்டா தம்பி இங்க நிக்கிற?"

"எல்லாரும் குடிச்சிரட்டும்ணே."

"வரிசை முடியாதுடா. வந்துக்கிட்டேதான் இருப்பாங்க."

"பரவால்லண்ணே."

அவனை அங்கே யாரும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. யாரும் அவனைக் கவனிக்கக்கூட இல்லை. ஊரில் கூழ் ஊற்றும்போது எல்லாரும் வாங்கிப் போன பிறகு நம் தெருவுக்கு ஊற்றுவார்கள். நான்கு வயதிலிருந்து அவன் பாட்டியின் சேலையைப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் நின்றிருக்கிறான். கால் தானாகவே இரண்டடி தள்ளிப் போய் நின்றுவிட்டது. பஸ்ஸுக்கு, சோற்றுக்கு, கழிப்பறைக்கு எல்லாம் கணக்குப் போட்டிருந்தோம். அந்த இரண்டடி எங்கள் கணக்கில் இல்லை.

அவனுக்கு அங்கே வைத்துப் பாடம் எடுக்கவில்லை. நாங்கள் நால்வரும் இன்னும் குடிக்கவில்லை. வரிசையில் போய் நின்றோம். அவன் நடுவில் வந்து நின்றுகொண்டான். பந்தலில் ஊற்றிக்கொண்டிருந்தவர் டம்ளரை அவன் கையில் கொடுத்தார். குடித்து முடித்ததும், "இன்னொன்னு வேணுமாப்பா?" என்றார். எங்களைத் திரும்பிப் பார்த்தான். நாங்கள் எதுவும் சொல்லவில்லை. "ம்" என்றான். இரண்டாவது டம்ளரை நிதானமாகக் குடித்தான்.

பந்தல் போட்டவர் என்ன சாதி என்று எங்களுக்குத் தெரியாது. இவன் யார் என்று அவருக்கும் தெரியாது. நகரம் தருகிற பெரிய வசதி இந்தத் தெரியாமைதான். அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைத் தூக்கிப் பிடித்தவர்களை அம்பேத்கர் 1948இல் ஏன் அவ்வளவு கடுமையாக மறுத்தார் என்பதைப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். அன்று அந்தப் பந்தலில் அது எங்களுக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது. ஆனால் இதை விடுதலை என்று கொண்டாடிவிட வேண்டாம். தெரிந்த பிறகும் அதே டம்ளர் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. இதே மதுரையில் வாடகைக்கு வீடு தேடிப் பார்த்தவர்களுக்கு அதன் பதில் தெரியும்.

*

வாகனம் வடக்கு மாசி வீதியைக் கடந்து போனது. கூட்டம் கலைந்ததும் பின்னாலேயே துடைப்பமும் தள்ளுவண்டியுமாகத் தூய்மைப் பணியாளர்கள் வந்தார்கள். பூ, இலை, பேப்பர் டம்ளர், செருப்பு. அதில் ஒருவர் எங்களோடு வந்த பெண்பிள்ளை ஒருத்தியின் சித்தி. ஒப்பந்தத் தொழிலாளி. மதுரையிலேயே குடியிருக்கிறார். பிள்ளையைப் பார்த்ததும் முதலில் துடைப்பத்தைப் பின்னால் மறைத்தார். பிறகு சிரித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"சாமி பாத்தீங்களா சித்தி?" என்று இவள் கேட்டாள்.

"எங்க பாக்க? அது போன பெறகுதான் எங்க வேலை. நாலு வருசமா திருவிழா பாக்குறேன், வாகனத்தோட முதுகத்தான் பாத்திருக்கேன்."

நாங்கள் 25 பேரும் அன்று இலவசமாகப் பார்த்த திருவிழாவை யாரோ கூட்டிச் சுத்தம் செய்கிறார்கள். அந்த யாரோவும் பெரும்பாலும் நம் தெருக்காரர்கள்தான். பந்தல்காரர்கள் அண்டாவைக் கவிழ்க்கும் நேரம். அந்தப் பிள்ளை ஓடிப்போய் ஒரு டம்ளர் பானகம் வாங்கி வந்து சித்தியிடம் கொடுத்தாள். "டூட்டியில இருக்கேன்டி" என்று சொல்லிக்கொண்டே வாங்கிக் குடித்தார். இருபது ரூபாயில் தனக்கு வாங்கியிருந்த கண்ணாடி வளையலில் இரண்டையும் அவள் கழற்றிக் கொடுத்தாள். சித்தியின் கைக்கு அது சேரவில்லை. பையில் போட்டுக்கொண்டார். அப்போது அவர் வாங்குகிற சம்பளத்தைப் பற்றியும் கையுறை இல்லாததைப் பற்றியும் நாங்கள் பேசத் தொடங்கினோம். அது தனியாக எழுதவேண்டிய விஷயம். எழுதுவோம்.

ஊர் திரும்பும்போது இரவு ஒன்பதரை. மறுநாள் வரவு செலவைச் சார்ட் அட்டையில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டினோம். வரி கொடுத்தவர்கள் வந்து பார்த்தார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டினார்கள். முட்டை எத்தனை, ஒன்று என்ன விலை என்று குறுக்குக் கேள்விகள் வந்தன. கேட்கட்டும் என்றுதான் ஒட்டினோம். அப்பத்தா கடைசியாக வந்தார். ஆறாம் வகுப்புப் பையன்தான் அவருக்கு வாசித்தான்.

"மிச்சம் எம்புட்டு?"

"நாப்பது ரூபா அப்பத்தா."

"அத என்ன செய்யப் போறீகளாம்?"

அவன் எங்களைப் பார்த்தான். எங்களுக்கும் அதற்குப் பதில் தெரிந்திருக்கவில்லை. தெருவில் கூட்டம் போட்டுப் பேசினோம். பேச்சு நாற்பது ரூபாயில் தொடங்கி வேறெங்கோ போனது. மதுரையில் வரிசையில் நிற்க முடிகிறது, நம் ஊரில் ஏன் முடியவில்லை என்று படிக்கிற பிள்ளைகள் கேட்டார்கள். பெரியவர்கள் சிலர் பிரச்சினை வேண்டாம் என்றார்கள். அவர்கள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஊர்க்காரர்களின் தோட்டத்தில்தான் அவர்களுக்கு வேலை. அந்தப் பயத்தை வெளியூரிலிருந்து வருகிற நாங்கள் சுலபமாகப் பேசிக் கடந்துவிட முடியாது, கடக்கவும் கூடாது. மூன்று கூட்டங்களுக்குப் பிறகு ஒரு மனு எழுதுவது என்று முடிவானது. வரும் பங்குனியில் எங்கள் 46 வீடுகளிலும் தலைக்கட்டு வரி வாங்க வேண்டும், ரசீது தர வேண்டும் என்று விழாக் கமிட்டிக்கு ஒன்று, வட்டாட்சியருக்கு நகல் ஒன்று. இதுவரை 31 வீடுகள் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. மீதி 15 வீடுகளை வற்புறுத்துவதில்லை என்பதும் கூட்டத்தின் முடிவுதான்.

நகல் எடுக்கவும் பதிவுத் தபாலுக்கும் அந்த நாற்பது ரூபாய் போதவில்லை. குறைந்ததைத் தெருவே போட்டது.

உங்கள் ஊரிலும் இந்தக் கோடையில் எங்காவது ஓர் இலவசத் திருவிழா நடக்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். புளிச்சோறு கட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் கையிலும் கொஞ்சம் காசு கொடுங்கள். பந்தலுக்குப் பக்கத்தில் எண்ணிப் பாருங்கள். யாராவது இரண்டடி தள்ளி நிற்பார்கள். அவர்களோடு போய் வரிசையில் நில்லுங்கள்.

ஜெய் பீம்.